நரம்புக்கண் பை: ராமநாதபுரக் கடற்கரையில் எது உழைக்கும், எது உழைக்காது

கண் மையம் என்றால் கண்ணாடிப் பவர் பார்ப்பது, புரை விழுந்தவரை முகாம் பட்டியலில் சேர்ப்பது என்ற கணக்கில்தான் பெரும்பாலும் சாமான் வாங்கப்படுகிறது. தொண்டியில் தொடங்கி மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, மூக்கையூர் வரை எந்தச் சிறு மையத்து மேசையைப் பார்த்தாலும் ட்ரையல் செட் (பவர் பார்க்கும் கண்ணாடிகள்), ஸ்நெல்லன் சார்ட் (எழுத்துப் பலகை), ஒரு டார்ச். பார்வை நரம்பு பழுதானவரும், கண்ணை அசைக்கும் நரம்பு படுத்துவிட்டவரும் இதே வரிசையில்தான் வந்து உட்காருகிறார்கள். அவர்களைப் பிரித்தறிய உதவும் சாமான்கள்தான் நரம்புக்கண் பை. "பவர் மாறல, கண்ணும் பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மங்கலா இருக்குன்னு சொல்றாங்க" என்று எழுதி அனுப்பப்படுகிறவர்களில் பாதிப் பேராவது இந்த வகையாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். எம்.ஆர்.ஐ. பார்த்து, நரம்புக்கண் மருத்துவரையும் பார்த்துத் திரும்ப ஒரு முழு நாளும் ஒருவர் கூலியும் போகும். ஆகவே கரையோர மையத்துப் பை நோய்க்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. இன்றே வண்டி ஏற வேண்டியவர் யார், இந்த வாரத்துக்குள் போக வேண்டியவர் யார், மூன்று மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர் யார் என்று பிரித்துக் கொடுத்தால் போதும். கீழே உள்ள ஒவ்வொரு சாமானையும் அந்த ஒரு வேலையை வைத்தும், உப்புக்காற்றை வைத்தும்தான் எடை போட்டிருக்கிறது.

டார்ச்

பையிலேயே மலிவான பொருள் இது, அதிகம் கண்டுபிடிப்பதும் இதுதான். இரண்டு கண்ணுக்கும் மாறி மாறி வெளிச்சம் காட்டும் சோதனையை 1959இல் லெவட்டின் எழுதி வைத்தார். இன்றுவரை அதற்கு மாற்று வரவில்லை.

செய்முறை: அறையை இருட்டாக்குங்கள். தகரக் கூரை, திறந்த ஜன்னல் என்றால் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். எதிர்ச்சுவரில் தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்லுங்கள், காலண்டர் போதும். உங்கள் முகத்தையோ டார்ச்சையோ பார்த்தால், கிட்டத்தில் பார்ப்பதாலேயே கண்மணி சுருங்கிவிடும், சோதனை கெட்டுவிடும். வெளிச்சத்தைக் கன்னத்துப் பக்கமிருந்து, சற்றுக் கீழிருந்து காட்டுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு மூக்கைத் தாண்டிச் சட்டென்று அடுத்த கண். மறுபடியும் மூன்று எண்ணிக்கை. நல்ல நரம்பு உள்ள கண்ணில் வெளிச்சம் வந்து விழும்போது கண்மணி கொஞ்சம் சுருங்கும் அல்லது அப்படியே நிற்கும். வெளிச்சம் விழுந்தும் விரிந்தால் அந்தப் பக்கத்துப் பார்வை நரம்பில் (சிலருக்கு விழித்திரையில்) கோளாறு. ஐந்தாறு முறை மாற்றிப் பாருங்கள், ஒரு முறையை வைத்து எழுதாதீர்கள்.

தவறு எங்கே நடக்கிறது? சந்தேகப்படும் கண்ணில் ஐந்து எண்ணிக்கை, மற்றதில் இரண்டு என்று நம்மை அறியாமலே நிற்போம். அதிக நேரம் வெளிச்சம் பட்ட கண் களைத்து, இல்லாத கோளாறு இருப்பதுபோல் காட்டும். நம் ஊர்க் கருங்கண்களில் கண்மணியின் ஓரமே தெரியாது என்பது அடுத்த சிக்கல். அதற்குப் பக்கவாட்டிலிருந்து இன்னொரு மங்கலான வெளிச்சம் வேண்டும். டார்ச் இரண்டாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

போன் ஃப்ளாஷ் வேண்டாம். வெளிச்சம் அகலமாகப் பரவி இரண்டு கண்ணிலும் விழும், ஆள் கண்ணை இறுக்கிக்கொள்வார். மஞ்சள் பல்பு போட்ட பழைய பேனா டார்ச் பேட்டரி பாதி தீர்ந்ததும் பயனில்லை. ஏ.ஏ.ஏ. பேட்டரி இரண்டு போடும் வெள்ளை எல்.இ.டி. பேனா டார்ச் போதும், ஆனால் கடையிலேயே சுவரில் அடித்துப் பார்த்து வாங்குங்கள். வட்டம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் இருட்டுப் பொட்டோ ஓரத்தில் நீல வளையமோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கரையில் டார்ச் சாவது பல்பால் அல்ல, ஸ்பிரிங்கால். மூன்றே மாதத்தில் பச்சைப் பூஞ்சணம்போல் களிம்பு ஏறிவிடும். வாரம் ஒருமுறை பேட்டரியைக் கழற்றி, பென்சில் ரப்பரால் இரண்டு முனையையும் தேய்த்துவிட்டால் வருடக்கணக்கில் ஓடும். வேலை இல்லாத நாட்களில் பேட்டரியை உள்ளே விடாதீர்கள்.

புரை முகாமுக்கு ஆள் சேர்ப்பவர்கள் இதை மட்டுமாவது செய்ய வேண்டும். புரை எவ்வளவு முற்றியிருந்தாலும் அந்தக் கண்ணில் இந்த விரிவைக் கொண்டுவராது. புரை உள்ள கண்ணில் விரிவு தெரிந்தால் பின்னால் நரம்போ விழித்திரையோ கெட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் அறுவைக்கு அனுப்பினால், ஆபரேஷன் சரியாக நடந்தும் பார்வை வராது. பழி முகாமின் தலையில் விழும்.

டார்ச்சுக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை என்பதால் இரண்டு நரம்பும் சமமாகக் கெட்டிருந்தால் எதுவும் தெரியாது. காசநோய் மாத்திரையாலும் கள்ளச்சாராயத்து மெத்தனாலாலும் வருவது இரண்டு கண்ணிலும் வரும் பாதிப்பு. அங்கேதான் அடுத்த சாமான்.

இஷிஹாரா புத்தகம், சிவப்பு மூடி

இஷிஹாரா என்பது நிறப் புள்ளிகளுக்குள் எண்ணோ கோடோ ஒளித்து வைத்த நிறப்பார்வைச் சோதனைப் புத்தகம். 14, 24, 38 தட்டுகள் (படங்கள்) என்று மூன்று அளவில் கிடைக்கும். 24 வாங்குங்கள். அதில் முதல் 17 தட்டும் எண்கள், மீதி 7 கோடுகள். பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கள், பாசி எடுக்கப் போகும் பாட்டிமார்கள் எண் வாசிக்கவில்லை என்றால் கோட்டைத் தொடரச் சொல்லலாம். தொடர்வது தூரிகையால். விரலால் தொட்டால் மீன் எண்ணெயும் வியர்வையும் ஒட்டி அந்த இடத்து நிறமே மாறிவிடும்.

தூரம் 75 செ.மீ., ஒரு தட்டுக்கு 3 விநாடி, ஒவ்வொரு கண்ணாக. படிக்கும் கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே பார்க்கட்டும். முதல் தட்டில் உள்ள 12 எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதுவே தெரியவில்லை என்றால் பிரச்சினை நிறத்தில் இல்லை, பார்வைக் கூர்மையில்.

வெளிச்சத்தில்தான் முகாம்கள் கோட்டை விடுகின்றன. கடற்கரையில் பந்தல் என்றால் நீலத் தார்ப்பாய். அதன் கீழே வெள்ளைச் சட்டையே நீலமாகத்தான் தெரியும். அந்த நிழலில் இஷிஹாரா பார்த்து எழுதிய முடிவைக் கிழித்துப் போட்டுவிடலாம். நேர்வெயில் படாத, வடக்குப் பார்த்த ஜன்னலோரம் சரியான இடம். மலிவான உள்ளூர் அச்சு, ஜெராக்ஸ், போன் திரையில் வரும் படங்கள் எல்லாம் நிறம் பிசகியவை, வாங்க வேண்டாம். நல்ல புத்தகம் சில ஆயிரம் ஆகும். வெளிச்சம் பட்டால் சாயம் போகும், ஈரம் பட்டால் பக்கங்கள் ஒட்டும். மூடியே வையுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இது பிறவியிலேயே சிவப்பு-பச்சை பிரியாதவர்களைக் கண்டுபிடிக்கச் செய்த புத்தகம். எத்தாம்பூட்டால் என்ற காசநோய் மருந்தின் பாதிப்பில் தொடக்கத்தில் நீலம்-மஞ்சள் குழம்புவதும் உண்டு, அதை இது காட்டாது. ஆகவே "இஷிஹாரா சரி" என்பது "நரம்பு சரி" ஆகாது.

எத்தாம்பூட்டாலை இங்கே நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. நம் தேசியத் திட்டத்தில் காசநோய்க்குத் தினசரி மாத்திரை எடையைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது, எத்தாம்பூட்டால் ஆறு மாதமும் உண்டு. ஒரு மாத்திரையில் 275 மி.கி. 35 முதல் 49 கிலோ வரை எல்லோருக்கும் மூன்று மாத்திரை, அதாவது 825 மி.கி. 49 கிலோ ஆளுக்கு அது கிலோவுக்கு 16.8 மி.கி., 35 கிலோ பாட்டிக்கு 23.6 மி.கி. மருந்து ஒன்று, எடைப் படி ஒன்று, கண்ணுக்குப் போகும் சுமை மட்டும் வேறு. கூடவே சிறுநீரகம் பழுதென்றால் மருந்து வெளியேறாமல் தங்கும். பாதிப்பு பெரும்பாலும் இரண்டு மாதம் தாண்டித்தான் தெரியவரும். எனவே மாத்திரை தொடங்கும்போதே ஒருமுறை பார்வையும் நிறமும் பார்த்து அட்டையில் எழுதுங்கள், பிறகு மாதாமாதம். தொடக்கக் கணக்கு இல்லாவிட்டால் மூன்றாம் மாதத்தில் நிறம் தெரியாதவர் பிறவியிலேயே அப்படியா, மாத்திரையாலா என்று சொல்ல வழியில்லை. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் இரண்டு தடவை பார்த்துவிடலாம். மற்ற மாதங்களில் படகு கரையில் நிற்கும் நாளைக் கேட்டு தேதி போடுங்கள். சந்தேகம் வந்தால் நோயாளி தானாக எல்லா மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. அன்றே காசநோய்ப் பிரிவுக்குப் போன் செய்து எத்தாம்பூட்டாலை மட்டும் நிறுத்துவதை அவர்கள் முடிவு செய்ய வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் பலருக்குப் பார்வை மெல்லத் திரும்பும். தாமதித்தால் சிலருக்குத் திரும்பாது.

சிவப்பு மூடிக்குக் காசே இல்லை. சொட்டுமருந்துப் புட்டியின் சிவப்பு மூடி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, "இந்தக் கண்ணுல இந்தச் சிவப்பு ஒரு ரூபாய்னா, அந்தக் கண்ணுல எத்தனை பைசா?" என்று கேளுங்கள். பெரியவர்கள் அணாக் கணக்கில் சொல்வார்கள், அதுவும் சரி. எழுபது, அறுபது என்று இறங்கினால், அல்லது "அது செங்கல் கலர், இது ரோஸ்" என்றால் குறைந்த பக்கத்து நரம்பைச் சந்தேகியுங்கள். அதே மூடியை நான்கு மூலையிலும் நகர்த்திப் பார்வைப் பரப்பையும் தோராயமாகப் பார்க்கலாம். மையத்தில் மட்டும் சிவப்பு மங்குகிறது என்றால் அதுவும் எழுத வேண்டிய செய்தி.

ஐஸ்

நாடு முழுக்க மருத்துவமனைகளில் ஐஸ் தேடி அலைவார்கள். இங்கே பாம்பன், மண்டபம் பக்கம் எந்த மீன் கம்பெனியிலும் பார் பாராக இருக்கிறது. இமை தொங்கி வருபவருக்கு மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைச்சோர்வு நோயா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனை கிடையாது. மயஸ்தீனியா இமை வேலை முடிந்து மாலையில் அதிகம் தொங்கும், தூங்கி எழுந்தால் தூக்கும். ராத்திரி வலை போட்டுவிட்டுக் காலையில் வருகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

நொறுக்கிய ஐஸை ரப்பர் கையுறையில் போட்டு முடிந்து, மேலே மெல்லிய துணி சுற்றுங்கள். மீன் ஐஸ் குடிதண்ணீர் ஐஸ் அல்ல, கண்ணில் சொட்டக் கூடாது. முதலில் அளவு எடுங்கள்: கட்டை விரலால் புருவத்தை அழுத்திப் பிடித்து (இல்லையென்றால் நெற்றியைச் சுருக்கி இமையைத் தூக்கிக் காட்டுவார்), கண்மணி நடுவிலிருந்து மேல் இமை ஓரம் வரை மி.மீ. அளவில். பிறகு மூடிய இமை மேல் 2 நிமிடம் ஐஸ். எடுத்ததும் பத்து விநாடிக்குள் மறுபடி அளவு. 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் தூக்கினால் சோதனை பாசிட்டிவ், அதாவது மயஸ்தீனியா சந்தேகம் என்று எழுதலாம். இரட்டைப் பார்வைக்கு 5 நிமிடம் வைப்பார்கள், அதற்கு மேல் வேண்டாம், குளிர் தசையையே மந்தமாக்கும். கண்ணை மூடி ஓய்வெடுத்தாலும் இமை கொஞ்சம் தூக்கும் என்பதால், ஐஸ் இல்லாமல் 2 நிமிடம் மூடவைத்தும் ஒருமுறை அளந்து வைத்தால் அனுப்பும் கடிதத்துக்குக் கனம் கூடும். விழுங்கச் சிரமம், மூச்சு வாங்குதல் இருந்தால் சோதனையும் வேண்டாம், கடிதமும் வேண்டாம், நேரே மருத்துவமனை. மயஸ்தீனியா சந்தேகம் உள்ளவருக்குச் சளி காய்ச்சலுக்கென்று சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் கொடுத்து நோயை முற்றவிடாதபடி மருந்துக்கடைக்கும் சொல்லி அனுப்புங்கள்.

விடிகாலையில் இரண்டு இமையும் சேர்ந்து தொங்க, வயிற்று வலியோடு வருபவரிடம் ஐஸை எடுக்காதீர்கள். தரையில் படுத்தவர் என்றால் கட்டுவிரியன் கடி. கடித்த இடமே தெரியாமல் இருக்கும். வலையில் கை விட்டவர் என்றால் கடல்பாம்பா என்று கேளுங்கள். நம்மிடம் உள்ள நாலு பாம்பு விஷமுறிவு மருந்து கடல்பாம்புக்கு உரியதல்ல. அதை மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லி 108ஐ அழைக்க வேண்டும். ஒரு பக்க இமை தொங்கி, கண் வெளிப்பக்கமாகக் கீழே சாய்ந்து, கண்மணியும் விரிந்து, தலைவலி இருந்தால் அதுவும் அதே அவசரம். மூளை ரத்தக்குழாய் வீக்கம், கண்ணையும் இமையையும் அசைக்கும் மூன்றாவது நரம்பை அழுத்துவதாக இருக்கலாம்.

பட்டகப் பட்டை

எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்று வரும் சர்க்கரை நோயாளிகளில் ஆறாவது நரம்பு படுத்தவர்கள் நிறைய. கண் வெளிப்பக்கம் போகாது, தூரத்தில் இரட்டை அதிகம், கிட்டத்தில் குறைவு. பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாகத் தேறும். தேறுகிறதா என்று எண்ணில் எழுத பட்டகப் பட்டை (ப்ரிஸம் பார், வரிசையாகக் கனம் கூடும் பட்டகங்கள் கொண்ட பட்டை) வேண்டும். உள்ளே திரும்பிய கண்ணுக்குத் தடித்த பக்கம் காதுப்புறம். 6 மீட்டரிலும் 33 செ.மீ.யிலும் மாறி மாறி மூடிப் பார்த்து, அசைவு நிற்கும் எண்ணைக் குறியுங்கள். 25, பிறகு 14, பிறகு 4 என்று இறங்கினால் பொறுக்கலாம். மூன்று மாதமாகியும் 25லேயே நின்றால், அல்லது இடையில் கூடினால், ஸ்கேன்.

மலிவுப் பட்டைகளில் பொறித்த எண்ணை நம்ப வேண்டாம். சோதிக்க ஒரு தையல் டேப் போதும். சுவரில் கிடையாக ஒட்டி, பட்டையைச் சுவரிலிருந்து சரியாக 1 மீட்டரில் பிடித்து, 10 எண் பட்டகத்தின் வழியாகச் சுழியம் கோட்டைப் பாருங்கள். பட்டகத்துக்கு மேலே நேராகத் தெரியும் டேப்பில் அந்தக் கோடு 10 செ.மீ. தள்ளித் தெரிய வேண்டும். பட்டகத்தில் ஒரு டயாப்டர் என்பதே ஒரு மீட்டரில் ஒரு செ.மீ. நகர்வுதான். 7, 8 என்று காட்டினால் பட்டையை மாற்றுங்கள்.

அன்றாடத்துக்கு ஒட்டும் ஃப்ரெனல் பட்டகம் ஒன்றுண்டு. ஒரு மி.மீ. கனத்து பிளாஸ்டிக் தாள். கண்ணாடியின் உட்பக்க அளவுக்கு வெட்டி, தடித்த பக்கத் திசையை வெட்டும் முன்பே பேனாவால் குறித்து, ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் இரண்டையும் அமிழ்த்தி, வழவழப்பான பக்கம் கண்ணாடியில் ஒட்டும்படி அழுத்தி, குமிழை விரலால் தள்ளிவிட்டு ஒரு இரவு காயவிடுங்கள். நிலத்தில் வேலை செய்பவருக்கு நல்ல பொருள். கடலுக்குப் போகிறவருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். வரிப்பள்ளங்களில் உப்பு அடைத்து ஒரே நடையில் மூடுபனிபோல் ஆகிவிடும், அதிக டயாப்டரில் பார்வைக் கூர்மையும் குறையும். அவருக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் ஒட்டிய மைக்ரோபோர் டேப்பே மேல். ஒரு கண்ணோடு இருக்கும்வரை விஞ்ச் பக்கமும் பைக் பக்கமும் போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், தூரக்கணக்கு தப்பும். சிறு பிள்ளைகளுக்கு மட்டும் டேப்பையும் மருத்துவரைக் கேட்காமல் ஒட்டாதீர்கள்.

போன் கேமராவும் 20 டயாப்டர் லென்ஸும்

எல்லோரும் முதலில் வாங்க ஆசைப்படுவது இது. நரம்பு முனை வீங்கியிருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று படம் எடுத்து மதுரைக்கு அனுப்ப உதவும். ஆனால் பை வாங்கும் பணத்தில் முதல் இடம் இதற்கில்லை. நரம்பின் பின்பகுதி அழன்றிருந்தால் படம் முழுக்கச் சுத்தமாக இருக்கும், ஆள் பார்வை இழந்திருப்பார். சுத்தமான படத்தைக் காட்டி "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பிய கதைகள் இந்தச் சாமானால்தான் பிறக்கின்றன. இரண்டு முனையும் வீங்கித் தெரிந்தால் அடுத்து எடுக்க வேண்டியது இன்னொரு படமல்ல, ரத்த அழுத்தக் கருவி. மிகை அழுத்தமே அப்படி வீங்கவைக்கும்.

லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இங்கே நிச்சயம். எவர்சில்வர் மூடி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆனால் வறுத்துப் போடலாம், ஆனால் சமைக்கும் சட்டியில் வறுக்காதீர்கள், அந்த நீலம் கோபால்ட்.

ஒரு கண்ணில் சில நாட்களில் பார்வை இறங்கி, அசைத்தால் வலி என்று வரும் இளவயதினருக்குப் பக்கத்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்புவது இன்றும் நடக்கிறது. 457 பேரைச் சேர்த்து அமெரிக்காவில் நடந்து 1992இல் வெளியான பார்வை நரம்பு அழற்சி ஆய்வு இதைத்தான் சோதித்தது. கிலோவுக்கு 1 மி.கி. ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்ப வந்தது அதிகம். ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்குப் பார்வை விரைவாகத் தேறியது, ஆறு மாதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. அது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களிடம் நடந்த ஆய்வு. நம்மூரில் அக்வபோரின்-4, மாக் (MOG) என்ற புரதங்களுக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கி நரம்பைத் தாக்கும் வகைகளையும் எண்ண வேண்டியிருக்கிறது, அவற்றில் தாமதம் பார்வையைத் தின்றுவிடும். ஆகவே மாத்திரை வேண்டாம், அன்றே அனுப்புங்கள்.

போன் ஆப்புகளைப் பற்றி ஒரே வரி: நிற ஆப்பு வேண்டாம், ஸ்டாப்வாட்ச் மட்டும் போதும்.

வாங்கும் வரிசை: டார்ச் இரண்டு, 24 தட்டு புத்தகம், ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மி.மீ. ஸ்கேல், பட்டகப் பட்டை, பணம் மீந்தால் லென்ஸ்.

அனுப்பும் சீட்டில் ஆறு விஷயம் எழுதுங்கள்: எந்தக் கண், எந்தத் தேதியில் தொடங்கியது, ஒவ்வொரு கண்ணின் பார்வை, டார்ச் முடிவு, நிற முடிவு, சாப்பிடும் மாத்திரைகள். கண்மணியை விரிக்கும் சொட்டை மட்டும் டார்ச் சோதனைக்கு முன் விடாதீர்கள். விட்டுவிட்டால் எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று சீட்டின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். இல்லையென்றால் 170 கிலோமீட்டர் போய் இறங்கியவரின் விரிந்த கண்மணியைப் பார்த்து, மதுரையில் மூளை ஸ்கேனுக்கு எழுதிவிடுவார்கள்.